கருத்தை இணைக்கும் சொல்

சொற்கள் பல கூடினால் தொடராகலாம். தொடர்கள் பல கூடினால் மட்டும் கட்டுரையாகிவிடாது. தொடர்களுக்கிடையே உறவு வேண்டும். அவ்வுறவைப் புலப்படுத்தவே ஆகவே, ஆனால், எனினும், மேலும் முதலிய சொற்கள் மொழியில் அமைந்துள்ளன.

எம்மூராகிய பூதப்பாண்டியிலிருந்து நாகர்கோவிலுக்குச் சென்று கல்லூரியில் பயிலும் மாணவர் சிலர், தாம் எழுதிய ஆங்கிலக் கட்டுரைகளை விடுமுறை நாள்களில் என்னிடம் காட்டுவதுண்டு. அவற்றுள் ஒன்றில் கண்ட பகுதியைத் தமிழிற் கூறுகிறேன்: “மழை பெய்யவில்லை. மேலும் பயிர் வாடியது. எனினும் உழவர் வருந்தினர்.”

‘மேலும்’ என்பது ஒரு செய்தியோடு மற்றொன்றைக் கூட்டுவது. இங்கே வேண்டுவதோ காரணம். ‘எனினும்’ என்பது மாறுபாட்டை உணர்த்துவது. பயிர் வாட, உழவர் வருந்துவதில் மாறுபாடு யாது? எழுதியவர் உழவரின் மகன். வயலின் துயரை நேரிற் கண்டவர். ஆயினும், படிக்கும் அயலார், உழவர் வீணே வருந்தினர் என்றன்றோ கொள்வர்! ஒரு சொல் பிறழ்ந்தமையால், சொன்னவர் நெஞ்சம் கேட்பவரைச் சென்றடையவில்லை.

இப்பிழை அறிவுக் குறைவால் நேர்வதன்று. ‘மழை பெய்யாமையால் பயிர் வாடியது’ என்று நாம் கூறும்போது, காரணப் பொருளை ‘பெய்யாமையால்’ என்னும் சொல்லின் இறுதியே தந்துவிடுகிறது. ஆங்கிலத்திலோ அப்பொருளைப் பெரும்பாலும் தனிச்சொல்லே தருகிறது. அத்தகைய சொற்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்வோர், அவற்றை அணிகலன் எனக் கருதிக் கண்ட இடத்தில் பூட்டிவிடுகின்றனர்.

ஹாலிடே என்பாரும், இந்தியாவிற் பிறந்த ருக்கையா ஹசன் என்பாரும் 1976ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், ஆங்கிலத் தொடர்களைப் பிணைக்கும் வழிகளை ஐவகையாகப் பகுத்தனர். சுட்டுதல், ஒன்றற்கு ஈடாக மற்றொன்றை நிறுத்தல், தொக்கு நிற்றல், இணைப்புச்சொல் பெய்தல், பொருளால் உறவுடைய சொற்களை ஆளுதல் என்பன அவை. இணைப்புச்சொல் அவ்வைந்தனுள் ஒன்றே என்பதை நோக்குக. இடைச்சொல் பெயரையும் வினையையும் சார்ந்தே இயங்கும், தனித்து இயங்காது என்று தொல்காப்பியரும் இடையியலில் உரைத்தார்.

பழையாற்று நீர் வந்தாலன்றி, மடையைத் திறந்து பயன் என்ன? இணைப்புச்சொல்லும் அத்தகையதே. மாணவர்களே! எழுதி முடித்தபின் இணைப்புச்சொற்களை நீக்கிவிட்டுப் படித்துப் பாருங்கள். இரு தொடர்களுக்கும் உள்ள உறவு யாதென வினவுங்கள். காரணமாயின் காரணச்சொல்லையும், மாறுபாடாயின் மாறுபாட்டுச் சொல்லையும் இடுங்கள். உறவு தானே விளங்குமாயின் ஒன்றும் வேண்டா. எம்மொழியில் எழுதினும் இம்முறை உங்களுக்குத் துணைநிற்கும்.