இல்லாத காலின் வலி

கடலூர் முதுநகரில் எமது பங்கைச் சேர்ந்த முதியவர் ஒருவர். வலை இழுத்தே வாழ்ந்தவர். நீரிழிவு முற்றிப் புண் அழுகியதால், சில ஆண்டுகளுக்கு முன் சிதம்பரத்தில் அவரது இடக்காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நாம் அங்குச் சென்று நோயில்பூசுதல் அளித்து வந்தோம். வீடு திரும்பிய மூன்றாம் வாரம் அவர் எம் கையைப் பற்றிக்கொண்டு, "சாமி, போன காலோட பெருவிரல் வலிக்குது. யாரோ முறுக்கிப் பிடிக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

நாம் சொன்னதைக் கூச்சத்தோடுதான் எழுதுகிறோம். "அது மனப்பிரமை ஐயா, செபமாலை சொல்லுங்கள், மறந்துவிடும்" என்றோம். குருமடத்தில் புனித தோமா அக்குவினாசை ஊன்றிப் படித்தவர் அல்லவா நாம்! ஆன்மா உடலின் ஒவ்வோர் உறுப்பிலும் முழுமையாக உறைகிறது, வெட்டுண்ட உறுப்போ பெயரளவில்தான் உறுப்பு என்பது அப்பேரறிஞரின் கருத்து. காலே இல்லாதபோது கால்வலி ஏது? அதன்பின் அம்முதியவர் வலியைப் பற்றி எம்மிடம் வாய் திறக்கவில்லை. குறைந்துவிட்டது என்றே எண்ணிக்கொண்டோம்.

பின்னர் நண்பர் ஒருவர், வி. எஸ். இராமச்சந்திரன் சாண்ட்ரா பிளேக்ஸ்லீயுடன் எழுதி 1998-இல் வெளிவந்த நூலைத் தந்தார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் நரம்பியல் பேராசிரியராக விளங்கியவர் அவர். உறுப்பு போனாலும் மூளையில் அதற்குரிய இடம் போய்விடுவதில்லை. கையிழந்த ஒருவரின் கன்னத்தைப் பஞ்சால் தொட்டபோது, இல்லாத விரல்களில் தொடுவதாக அவர் உணர்ந்தாராம்; மூளையில் முகத்தின் இடமும் கையின் இடமும் அடுத்தடுத்து இருப்பதே காரணம் என்கிறார் இராமச்சந்திரன். இவ்வலி புதிதும் அன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் உறுப்பிழந்த வீரர்களிடம் இதனைக் கண்ட சைலஸ் வியர் மிட்செல் என்னும் மருத்துவர், 1871-இலேயே 'மாய உறுப்பு' என்று பெயரிட்டுவிட்டார். எமக்குத்தான் தெரியவில்லை.

1990-களின் நடுவில் இராமச்சந்திரன் கண்ட வழி மிக எளியது. ஒரு கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தெரியுமாறு செய்தார். அக்கை அசைய, போன கையும் அசைவதைக் கண் காண்கிறது. இறுகிய விரல்கள் தளர்வதாகச் சிலர் உணர்ந்தனர். காலிழந்த அமெரிக்கப் படைவீரர்களுக்கும் இது பயன்பட்டதை 2007-இல் வெளியான ஆய்வொன்று கூறிற்று. ஆயினும் எல்லோருக்கும் பலிப்பதில்லை.

இயன்முறை மருத்துவர் ஒருவரைக் கேட்டுக்கொண்டு, பங்கு இல்லத்து அலமாரிக் கண்ணாடியைக் கழற்றி எடுத்துச் சென்றோம். முதலில் மன்னிப்புக் கேட்டோம். "வலி கொறையவே இல்லீங்க சாமி. சொன்னா நீங்க வருத்தப்படுவீங்கன்னு விட்டுட்டேன்" என்றார். அவருடைய கால்களுக்கிடையே கண்ணாடியை நெடுக நிறுத்தினோம். வலப் பாதத்தை மெல்ல மடக்கி நீட்டினார். நெடுநேரம் பேச்சில்லை. பிறகு, "வெரல் பிரியுது சாமி" என்றார்.

சில இரவுகளில் இப்போதும் வலிக்கிறதாம். சில இரவுகளில் உறங்குகிறார். கண்ணாடி அவர் வீட்டிலேயே இருக்கிறது. பேத்தி அதில்தான் தலைவாரிக்கொள்கிறாள். நாம் முகம் மழிப்பது சன்னல் கண்ணாடியில்.