ஓடுவதும் ஓட்டுவதும்

ஜீயபுரம் வழியாகக் கரூருக்குப் போகும் பஸ், ஈரோடு லைனில் போகும் ரயில், காவிரித் தண்ணீர், வாழைத் தோட்டத்து மோட்டார், தியேட்டரில் படம், சுவரில் கடிகாரம். எல்லாமே தமிழில் ‘ஓடுது’. ஆங்கிலத்திலும் இத்தனைக்கும் ‘ரன்’ என்ற ஒரே வினை போதும். ஜீயபுரம் பக்கத்துப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தும் ஆசிரியருக்கு இது பெரிய வசதி. பிள்ளைகளிடம் ஏற்கெனவே பாதிப் பாடம் இருக்கிறது.

சிக்கல் ‘ஓட்டு’ என்பதில்தான் தொடங்குகிறது.

டிரைவர் பஸ் ஓட்டுகிறார். அந்த பஸ்ஸின் ஓனரும் “ரெண்டு பஸ் ஓட்டுறேன்” என்கிறார், ஸ்டியரிங்கைத் தொடாமலே. தமிழ் இருவருக்கும் ஒரே சொல்லைக் கொடுக்கிறது, ஆங்கிலம் பிரிக்கிறது. டிரைவருக்கு ‘டிரைவ்’, ஓனருக்கு ‘ரன்’. அனுபவமுள்ள ஆசிரியர் இங்கே இலக்கண விதி சொல்வதில்லை. “வண்டிக்குள்ள உட்கார்ந்து ஓட்டுறாரா, முதல் போட்டு ஓட்டுறாரா?” என்று கேட்பார். பிள்ளைகள் சரியாகப் பிரித்துவிடுவார்கள். ஓடு–ஓட்டு, ஆடு–ஆட்டு என்று தமிழ் வினையின் உருவத்திலேயே காட்டும் வேறுபாட்டை, ஆங்கிலம் ‘ரன்’னில் பெயர்ச்சொல் நிற்கும் இடத்தை வைத்தே காட்டுகிறது. அதனால் வாக்கியத்தில் யார் முன்னால், எது பின்னால் என்று பார்க்கப் பழக்குவதுதான் உண்மையான வேலை.

கடைக்கு வந்தால் தமிழ் இன்னும் நுணுக்கமானது. ‘கடை நல்லா ஓடுது’ என்றால் வியாபாரம் உண்டு. ‘கடையை நடத்துறார்’ என்பது வெறும் தகவல். ‘ஏதோ ஓட்டிக்கிட்டிருக்கார்’ என்றால் சிரமம். ‘ஈ ஓட்டுறார்’ என்றால் ஆளே வரவில்லை. ஆங்கிலத்தின் ‘ரன்’ இதில் இரண்டாவதற்கு நேராகப் பொருந்தும். மற்றவற்றுக்கு வேறு சொல்லோ கூடுதல் சொல்லோ தேட வேண்டும். ‘ரன் என்றால் ஓடு’ என்று நோட்டில் எழுதி மூடிவிட்ட மாணவருக்கு இந்த இடம் கடைசிவரை பிடிபடாது.

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் பதிப்பாசிரியர் பீட்டர் கில்லிவர் ‘ரன்’ என்ற இந்த ஒரு வினைக்காக ஒன்பது மாதம் உழைத்தார். 2011-இல் சொல்லப்பட்ட கணக்கில் அதன் பொருள்கள் 645. பள்ளிப் பிள்ளைக்கு ஒரு பத்து போதும், ஆனால் அந்தப் பத்தும் வாக்கியத்தோடு வர வேண்டும். ‘ரன் அவுட்’ என்றதும் எல்லோருக்கும் கிரிக்கெட்தான் தெரியும். பெட்ரோல் தீர்வதற்கும் அதே சேர்க்கைதான் என்பதை, முக்கொம்பு போகும் வழியில் வண்டி நின்றுபோனதை வைத்துச் சொன்னால் அது மறக்காது.

எதிர்த் திசையிலும் பயிற்சி வேண்டும். ‘கையும் ஓடல, காலும் ஓடல’ என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் வகுப்பு தயங்கும். ‘ரன்’ அங்கே உதவாது. அப்போது நல்ல ஆசிரியர் அகராதியைத் தள்ளி வைத்துவிட்டு, “அந்த நேரத்துல என்ன ஆச்சு, அதைச் சொல்லு” என்பார். பயந்துவிட்டேன், என்ன செய்வதென்று தெரியவில்லை, அப்படியே நின்றேன் என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, ஆங்கில வாக்கியங்கள் கரும்பலகையில் ஏறும்.