நிறுத்துப் பார்த்த கார்

சென்னையினின்றும் செங்கற்பட்டு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், நரசிங்கப்பெருமாளின் குடைவரைக் கோயிலால் பெயர் பெற்ற ஊர் சிங்கப்பெருமாள் கோயில். அங்கிருந்து மேற்கே பிரியும் சாலை ஒரகடத்தின் வழியே திருப்பெரும்புதூரை அடைகின்றது. அதற்கு அண்மையிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் 1990-ஆம் ஆண்டு கார்ப்பந்தயத் தடம் அமைந்தது. இச்சாலையோரத்துப் பட்டறை ஒன்றில், பந்தயம் ஓட்டும் ஆசை கொண்ட இளைஞன் ஒருவன், பழைய மாருதி எஸ்டீம் காரை வாங்கி நிறுத்தியிருந்தான். புதிய எஞ்சின் வாங்கப் பொருள் இல்லை. ஆதலின், வலிமையைக் கூட்ட இயலாதவன் சுமையைக் குறைக்க எண்ணினான்.

பழைய இரும்புக் கடையிலிருந்து தராசு ஒன்று இரவலாக வந்தது. கழற்றிய ஒவ்வொன்றையும் தட்டில் வைத்து நிறுத்துக் குறிப்பேட்டில் எழுதலானான். பின்னிருக்கை 12.4 கிலோ. பட்டறையில் ‘ஸ்டெப்னி’ என்று வழங்கும் மாற்றுச் சக்கரமும் ஜாக்கியும் 15.6 கிலோ. இரைச்சலை அடக்கத் தளத்தில் ஒட்டியிருந்த தார்ப்பாளத்தை உளியால் நாள் முழுதும் சுரண்டினான். அது 9 கிலோ. சாம்பற்கிண்ணம், கைப்பிடிகள், ஒலிபெருக்கிகள் முதலிய சில்லறைப் பொருள்களை வேடிக்கையாகவே தராசில் கொட்டினான். அவையும் 2 கிலோ நின்றன. கண்ணால் மதிப்பிடுவோர் பெரியனவற்றையே பார்ப்பர். காய்கறிக்காரியை ஏமாற்ற முடியாதது போலவே தராசையும் ஏமாற்ற முடியாது.

ஒரே விசை குறைந்த எடையை விரைவில் முடுக்கும் என்பது நியூட்டன் கண்ட விதி. நிறுத்துவதிலும் இது பயன் தரும். எடை குறைந்த காரைத் தடுக்கக் குறைந்த ஆற்றலே அழிய வேண்டும். சக்கரத்தில் குறையும் எடைக்குப் பயன் இன்னும் மிகுதி. சக்கரம் முன்னே செல்வதோடு சுழலவும் வேண்டுமன்றோ? எஃகு ஒரு கன சென்டிமீட்டர் 7.85 கிராம் நிறை; அலுமினியம் 2.7 கிராமே. 1996-இல் வெளிவந்த லோட்டஸ் எலிஸ் காரின் அலுமினியச் சட்டம் 68 கிலோ என்றால் வியப்பில்லை.

நம் நாட்டிலும் இக்கணக்கை அறிந்தவர் இருந்தனர். கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன், மாருதி 800-இன் 796 கன சென்டிமீட்டர் எஞ்சினை எடுத்து, ஒருவரே அமரும் மெல்லிய பந்தயக் கார்களை உருவாக்கினார். குறைந்த செலவில் பல இளைஞர் பந்தயம் பயின்றது அதனாலேயே. 1995-இல் சிறு விமான விபத்தில் அவர் மறைந்தார். செட்டிப்பாளையத்துப் பந்தயத் தடம் இன்றும் அவர் பெயரைத் தாங்குகின்றது.

ஒரு நாள் இளைஞன் பிரேக் மிதியின் தண்டைப் பிடித்து அதில் துளையிடத் தொடங்கினான். மேஸ்திரி ஓடிவந்து துளைக்கருவியைப் பிடுங்கிக்கொண்டார்.

“எவ்வளவு மிஞ்சும், தம்பி?”

“நூறு கிராம் இருக்கும், அண்ணே.”

“எடுத்த இடத்திலேயே வை.”

மேஸ்திரிக்கு மோன்சா என்னும் ஊர் தெரியாது. இத்தாலி நாட்டின் அத்தடத்தில் 1970-ஆம் ஆண்டு தகுதிகாண் ஓட்டத்தின்போது, யோகன் ரிண்ட் ஓட்டிய லோட்டஸ் காரின் முன்பிரேக் தண்டு முறிந்தது. அவர் சரியாக அமைக்கப்படாத தடுப்பு வேலியில் மோதி உயிர் துறந்தார். அவ்வாண்டின் உலக வாகையர் பட்டம், அவர் மறைந்த பின்னரே அவருக்கு வந்தது. இளைஞன் இதனைப் படித்திருந்தான். படித்தும் துளைக்கத் துணிந்தமைதான் வருந்தத்தக்கது.

அடுத்த வாரம், கார் கவிழ்ந்தாலும் ஓட்டுநர் நசுங்காதபடி காக்கும் எஃகுக் குழாய்க் கூண்டு வந்து சேர்ந்தது. அஃதின்றிப் பந்தயத்தில் நுழைய முடியாது. தராசு 34 கிலோ காட்டிற்று. கழற்றியவை யாவும் சேர்ந்தே 39 கிலோ! இளைஞன் முகம் வாடிற்று. குறிப்பேட்டை எடுத்து, கூண்டின் எடையைக் கழித்து, “மீதம் 5” என்று எழுதினான். மேஸ்திரி கூண்டின் அடித்தகட்டைத் தளத்தோடு பற்றவைத்துக் கொண்டிருந்தார். அன்று மாலையே இளைஞன் முன்புறம் சென்று, இரண்டு ஹாரன்களுள் ஒன்றைக் கழற்றித் தராசுத் தட்டில் வைத்தான்.