சுவரில் தொங்கிய நுரை

உங்கள் வீட்டுக் குளியலறைச் சுவரில் பழுப்பு நிறத் தவளை ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உடனே உப்பையும் துடைப்பத்தையும் தேடுவோம். நானும் அவ்வாறு தேடியவன்தான்.

அது மரத்தவளை. பாலிபிடேட்டஸ் மாக்குலேட்டஸ் என்பது அதன் அறிவியல் பெயர். விரல் நுனிகளிலுள்ள வட்டத் திண்டுகளால் மரத்திலும் சுவரிலும் ஏறும். பூச்சிகளே அதன் உணவு. வறண்ட நாட்களில் அது ஈரம் நாடியே நம் வீட்டினுள் வருகிறது. நம்மை அச்சுறுத்த அன்று.

அது நீருக்குள் முட்டையிடுவதில்லை. நீருக்கு மேலேயுள்ள செடியிலோ சுவரிலோ, தன் உடலில் சுரக்கும் திரவத்தைப் பின்னங்கால்களால் அடித்து நுரையாக்கி, அதனுள் முட்டையிடுகிறது. நுரையின் மேற்புறம் உலர்ந்து உட்புற ஈரத்தைக் காக்கும். சில நாட்களில் தலைப்பிரட்டைகள் கீழேயுள்ள நீரில் விழும். படைத்தவனின் ஏற்பாடு எத்துணை நுட்பமானது!

மதுரையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் அத்தா கட்டிய தொட்டி ஒன்று இருந்தது. டெங்குக் காய்ச்சலுக்கு அஞ்சி அதை மண்ணிட்டு மூடித் தளம் போட்டேன். அடுத்து வந்த ஐப்பசி மழையில், தளத்தில் தேங்கிய நீரை நம்பி ஒரு மரத்தவளை சுவரில் நுரைக்கூடு கட்டியது. மழை நின்றது, நீர் வற்றியது. ஒருநாள் சுபுஹுத் தொழுதுவிட்டு வந்து பார்த்தேன். உலர்ந்த தளத்தில் தலைப்பிரட்டைகள் செத்துக் கிடந்தன.

"நம்மை நம்பித்தானேப்பா வந்துச்சு!" என்றார் அம்மா. அச்சொல் இன்றும் என் நெஞ்சில் தைக்கிறது.

மருந்து செய்வதற்காகத் தவளையைப் பயன்படுத்தலாமா என்று மருத்துவர் ஒருவர் வினவியபோது, அதைக் கொல்ல வேண்டாமென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்பது அபூதாவூதில் பதிவாகியுள்ள செய்தி. மருந்துக்கே அனுமதி இல்லையெனில், நம் அருவருப்புக்கு ஏது அனுமதி?

தொட்டியை மூடியது பிழை என்று கூறமாட்டேன். குழந்தைகளின் உயிரும் அமானிதமே. ஆயினும், அந்தத் தவளை என் வீட்டுத் தளத்தை நம்பும் நிலை ஏன் வந்தது? எங்கள் பகுதி ஊருணியும் கண்மாயும் கட்டடங்களாகிவிட்டன அல்லவா?

இவ்வினம் இன்று அழிவின் விளிம்பில் இல்லை. ஆனால் உலகின் நீர்நில வாழ் உயிரினங்களில் நூற்றுக்கு 41 வகை அழிவை எதிர்நோக்குவதாக 2023-இல் வெளியான ஆய்வு எச்சரித்தது. நம்பிக்கைக்கும் இடமுண்டு. சுனைகளும் ஏரிகளும் நிறைந்த மேலூர் அருகிலுள்ள அரிட்டாபட்டி, 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அப்பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் வரவிருந்தபோது மக்கள் திரண்டு எதிர்த்தனர். 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தாயிற்று.

சென்ற ஆண்டும் எங்கள் சுவரில் நுரை தொங்கியது. அதை மெல்லப் பெயர்த்தெடுத்து, ஊருக்கு வெளியே கண்மாய் நீரின்மேல் சாய்ந்திருந்த செடியில் வைத்துவிட்டு வந்தேன். முன்பு மாண்டவை மீளப்போவதில்லை.

சகோதர சகோதரிகளே! குளியலறையில் தவளையைக் கண்டால் ஈரத்துணியால் பற்றித் தோட்டத்தில் விடுங்கள். உங்கள் ஊர் ஊருணியை மூட எவரேனும் முனைந்தால் வாய்மூடி இராதீர்கள். நம்மை நம்பி வந்த உயிரைக் குறித்தும் நாம் வினவப்படுவோம்.