விளக்கு சொன்னது ஒன்று... நான் படித்தது வேறு!



மலருக்குக் கட்டுரை கேட்டு மாணவர் பேரவைத் தம்பிகள் வந்தார்கள். "அண்ணா, நீங்க பழைய ஸ்டூடண்ட். கம்ப்யூட்டரைப் பத்திப் பயனுள்ளதா ஏதாவது எழுதுங்க. ஆனா போர் அடிக்கக் கூடாது" என்று நிபந்தனையும் போட்டார்கள். உருப்படியாக எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அது நான் செய்த ஒரு தப்பு. அதையே எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது காசிமேடு. எங்கள் பக்கம் விளக்குகளுக்குப் பஞ்சமே இல்லை. ராயபுரம் ரயில் பாதையில் சிக்னல் விளக்கு, துறைமுக வாயிலில் சிவப்பும் பச்சையும், எண்ணூர் தாண்டினால் அனல்மின் நிலையப் புகைபோக்கியின் உச்சியில் சிவப்பு விளக்கு. அப்பா லாஞ்சில் கடலுக்குப் போகிறவர். படகின் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை என்று எழுதப் படிக்கத் தெரிவதற்கு முன்பே எனக்குச் சொல்லிக் கொடுத்தவர். "எதிர்ல வர்ற படகுல ரெண்டு வெளக்கும் ஒண்ணாத் தெரிஞ்சுதுன்னா அது நேரா நம்ம மேல வருதுடா" என்பார்.

இப்படி விளக்கு பார்த்தே வளர்ந்தவன்தான், ஒரு கடுகளவு விளக்கைத் தப்பாகப் படித்து ஒரு குடும்பத்தையே அலைய வைத்தேன்!

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் 3, 4 தேதிகளில் சென்னையைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனது. எண்ணூர்க்காரர்களுக்கு அதோடு துயரம் முடியவில்லை. வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து கழிமுகத்தில் இறங்க, படகும் வலையும் கறுத்துப் போயின. மீன் பிடிக்கவும் முடியாது, பிடித்தாலும் வாங்க ஆளில்லை. என் பெரியம்மா வீடு அங்கேதான். பெரியப்பா வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் வீட்டுக்கு வந்த ஒரே வருமானம் அக்காவுடையது. நாலைந்து கடைகளின் கணக்கை வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவாள். ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய கம்ப்யூட்டர் அது.

புயலுக்குப் பிறகு கரண்ட் வந்து, அக்கா ஸ்விட்சைப் போட்டால் திரை இருட்டாகவே இருந்தது. எனக்குப் போன் வந்தது. அப்போது நான் மூன்றாம் ஆண்டு மாணவன். தெருவில் யார் வீட்டு மிக்சி ஓடாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். தலைக்கனம் இருக்காதா?

ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு ராயபுரத்தில் ரயிலேறிப் போனேன். பெட்டியைத் திறந்தேன். தண்ணீர் ஏறவில்லை. மதர்போர்டின் ஓரத்தில் ஒரு பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "கரண்ட் வருது பெரியம்மா, கவலைப்படாதே" என்றேன். பட்டனை அழுத்தினேன். ஃபேன் சுற்றியது. போர்டின் மேல் மூலையில் பொடி எழுத்தோடு வரிசையாக நாலு விளக்குகள். முதலாவது எரிந்து அணைந்தது. இரண்டாவது, மஞ்சள். எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது.

கீழே எழுதியிருந்ததைப் படித்தேன். டி-ரேம்!

"ரேம் போயிடுச்சு. புதுசு வாங்கணும்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டேன். உட்கார்ந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

"எவ்ளோடா ஆவும்?"

"ரெண்டாயிரத்துக்குள்ள முடிஞ்சிடும் பெரியம்மா."

பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. உள்ளே போனாள். திரும்பி வந்தபோது காதில் கம்மல் இல்லை. துளையில் வேப்பங்குச்சி. கையில் இருந்ததை முந்தானையில் முடிந்துகொண்டு அடகுக்கடைக்குக் கிளம்பினாள்.

மறுநாள் 1,850 ரூபாய்க்குப் புது ரேம் வாங்கிக்கொண்டு போனேன். பழையதைக் கழற்றி அதே இடத்தில் புதியதைச் செருகினேன். பட்டனை அழுத்தினேன்.

மஞ்சள் விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது!

"அப்ப போர்டே போயிருக்கும்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. போர்டு என்றால் ஐயாயிரத்துக்குக் குறையாது. அக்கா என்னையே பார்த்தாள். மாதக் கடைசிக்குள் கணக்கு முடித்துக் கொடுக்காவிட்டால் கடைக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துவிடுவார்கள். பெட்டியைச் சாக்கில் கட்டி ரயிலேற்றிக் கல்லூரிக்குக் கொண்டுவந்தேன்.

நம் லேப் அண்ணனை உங்களுக்குத் தெரியும். பெயர் போட்டால் கோபித்துக்கொள்வார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"டெய்லி கும்மிடிப்பூண்டி வண்டியிலதானே வர்ற? வண்டி கொருக்குப்பேட்டையிலயே நிக்குதுன்னா கொருக்குப்பேட்டை ஸ்டேஷன் கெட்டுப்போச்சுன்னு அர்த்தமாடா?"

நான் விழித்தேன். அவர் விளக்கியதை என் நடையில் தருகிறேன். குறித்து வைத்துக்கொள்ளுங்கள், உதவும்.

பட்டனை அழுத்தியதும் கம்ப்யூட்டர் தன்னைத்தானே ஒரு முறை சோதித்துக்கொள்கிறது. அதற்கு 'போஸ்ட்' என்று பெயர். நாலு விளக்கும் அந்தப் பயணத்தின் நாலு ஸ்டேஷன்கள். முதலில் சி.பி.யு. (ராயபுரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்), அடுத்தது டி-ரேம் (கொருக்குப்பேட்டை), பிறகு திரைக்குப் படம் அனுப்பும் வி.ஜி.ஏ. (திருவொற்றியூர்), கடைசியில் பூட் (எண்ணூர்). ஒவ்வொரு கட்டத்திலும் அதன் விளக்கு எரியும், சோதனை முடிந்ததும் அணையும். எந்த விளக்கு அணையாமல் நிற்கிறதோ, வண்டி அங்கே நின்றுவிட்டது. விளக்கு சொல்வது அவ்வளவுதான். ஏன் நின்றது என்று அது சொல்வதில்லை!

சி.பி.யு. விளக்கு நின்றால் ப்ராசஸர் செத்துவிட்டது என்று அழ வேண்டாம். ப்ராசஸருக்குத் தனியாக வரும் பவர் ஒயரைச் செருக மறந்திருக்கலாம். சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருக்கலாம். போர்டின் பயாஸ் பழையதாக இருந்து, புது ப்ராசஸரை அதற்கு அடையாளம் தெரியாமல் போயிருக்கலாம்.

டி-ரேம் நின்றால், ரேம் சரியாக உட்காராமல் இருக்கலாம். அதன் தங்கப் பட்டைகளில் அழுக்கு படிந்திருக்கலாம். ஸ்லாட் கெட்டிருக்கலாம். ப்ராசஸர் பக்கக் கோளாறாகக்கூட இருக்கலாம். ஏனென்றால் ரேமை ஆளும் கன்ட்ரோலர் இப்போது ப்ராசஸருக்குள்தான் இருக்கிறது. ஏ.எம்.டி. 2003-லும் இன்டெல் 2008-லும் அதை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். இன்னொன்று, புதிய டி.டி.ஆர்.5 ரேம் போட்டு முதல் முறை ஸ்டார்ட் செய்தால் இந்த விளக்கு சில நிமிடம்கூட எரியலாம். போர்டு அப்போது ரேமோடு பழகிக்கொண்டிருக்கிறது. அவசரப்பட்டு அணைத்துவிடாதீர்கள்.

வி.ஜி.ஏ. என்றால் கிராபிக்ஸ் கார்டையும் அதன் பவர் ஒயரையும், பூட் என்றால் ஹார்ட் டிஸ்க், எஸ்.எஸ்.டி. இணைப்பையும் முதலில் பாருங்கள். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். போர்டுக்குப் போர்டு மாறும். பக்கத்தில் உள்ள எழுத்தைப் படியுங்கள்.

அந்தப் பச்சை விளக்கு? அதைக் கேட்டதும்தான் எனக்கு வியர்த்தது. கம்ப்யூட்டரை அணைத்தாலும் பவர் சப்ளை 5 வோல்ட் ஒன்றைப் போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அது வருகிறது என்பதற்குத்தான் அந்தப் பச்சை. 'எல்லாம் நலம்' என்பதற்கு அல்ல! உண்மையில் அது ஓர் எச்சரிக்கை. அது எரியும்போது ரேமைக் கழற்றவோ செருகவோ கூடாது. சுவர் ஸ்விட்சை அணைத்து, ஒயரைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒரு முறை அழுத்தினால் மிச்சக் கரண்டும் வடிந்து விளக்கு அணையும். பிறகுதான் கை வைக்க வேண்டும். நானோ பச்சை எரிய எரிய ரேமைப் பிடுங்கியிருந்தேன். போர்டு பிழைத்தது என் அதிர்ஷ்டம்.

அந்தக் காலத்தில் விளக்கு இல்லை, சத்தம்தான் என்றார் அண்ணன். அவார்ட் பயாஸில் ஒரு நீளச் சத்தமும் இரண்டு குட்டைச் சத்தமும் வந்தால் திரைக் கார்டு கோளாறு. காது கொடுத்துக் கேட்டே ரிப்பேர் செய்வார்களாம்.

பேசிக்கொண்டே அண்ணன் பழைய ரேமை எடுத்தார். பட்டைகளை அழி ரப்பரால் தேய்த்தார். போர்டில் இரண்டு ஸ்லாட்டுகள் இருந்தன. நான் இரண்டு தடவையும் செருகியது ஒன்றில்தான். அவர் மற்றதில் செருகினார். பட்டனை அழுத்தினார்.

மஞ்சள் எரிந்தது... அணைந்தது. வெள்ளை எரிந்தது, அணைந்தது. திரையில் வெளிச்சம் வந்தது!

ரேமும் போகவில்லை. போர்டும் போகவில்லை. அண்ணன் டார்ச் அடித்து அந்த முதல் ஸ்லாட்டைக் காட்டினார். உள்ளே தகடுகளில் பச்சை பூத்திருந்தது. கடல் காற்றின் உப்பும், புயல் நாளின் ஈரமும் செய்த வேலை. ஐசோபிரபைல் ஆல்கஹாலில் பிரஷ்ஷை நனைத்துத் துடைத்துக் காயவைத்ததும் அதுவும் வேலை செய்தது.

"ரேமை மாத்திப் பாத்தே. எடத்தை மாத்திப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நண்பர்களே, கதை இங்கே முடிந்திருந்தால் நான் எழுதவே வேண்டியதில்லை. எண்ணூருக்குத் திரும்பும் ரயிலில் ஒரு யோசனை வந்தது. புது ரேமையே போட்டுக் கொடுத்துவிட்டால்? கம்ப்யூட்டர் ஓடும். "புது ரேம் போட்டேன், சரியாயிடுச்சு" என்றால் யாருக்குத் தெரியப் போகிறது? பெரியம்மா வாயார வாழ்த்துவாள். சாப்பாடும் போடுவாள். லேப் அண்ணன் எண்ணூர் வந்து சொல்லப் போவதில்லை.

வண்டி தண்டையார்பேட்டை தாண்டியது, வ.உ.சி. நகர் தாண்டியது. திருவொற்றியூர் வரை இந்த யோசனை எனக்குப் பிடித்தேதான் இருந்தது. அப்புறம் அந்த வேப்பங்குச்சி ஞாபகம் வந்தது. வெளியே பச்சை விளக்கு எரிய, உள்ளே ஒன்றும் ஓடாத பெட்டியாக நானே ஆகிவிட்டேனோ என்று தோன்றியது.

வீட்டுக்குப் போய் முதலில் கம்ப்யூட்டரை ஓட்டிக் காட்டினேன். பிறகு புது ரேமைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். "கம்மலை வெச்சிருக்கவே வேணாம் பெரியம்மா. என் தப்பு."

பெரியம்மா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள்.

"மீனு வாங்கச் சொல்லோ கண்ணை மட்டுமா பாக்குறோம்? செவுளத் தூக்கிப் பாக்குறதில்ல? அத்த மாதிரி இதுலயும் ரெண்டு எடத்த பாக்கணும்டா கண்ணு. இதுக்கா மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு வந்தே? குந்து, சோறு துன்னு."

நாலு வருடம் படித்தாலும் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத பாடம்!

கடைக்காரர் விற்ற ரேமைத் திரும்ப எடுக்க முடியாது என்றுவிட்டார். வகுப்புத் தோழன் ஒருவன் 1,300 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டான். மீதியையும் வட்டியையும் நான்கு மாதம் சாயங்கால வேலை பார்த்துக் கட்டினேன். 2024 சித்திரையில் கம்மல் பெரியம்மா காதுக்குத் திரும்பி வந்தது. அக்காவின் கணக்கு வேலையும் போகவில்லை.

இன்று நான் ஒரு சர்வீஸ் கடையில் வேலை செய்கிறேன். தினமும் ஏதாவது ஒரு விளக்கு எரிந்துகொண்டு மேசைக்கு வருகிறது. "என்னா சார், போர்டு போச்சா?" என்று பதறிக்கொண்டே கேட்பார்கள். நான் உடனே பதில் சொல்வதில்லை.

"இருங்க, பாத்துட்டுச் சொல்றேன்" என்பேன்.

தம்பிகளே, தங்கைகளே, இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். அதற்கு நான் கொடுத்த விலை பெரியம்மாவின் கம்மல். நீங்கள் இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம்!