பொய் சொல்லாத போதகர்

"அம்மப்பா, பொய் சொல்வது எப்போதாவது சரியாகுமா?"

சென்ற கிழமை என் பேரன் இப்படிக் கேட்டான். பாடசாலைப் பேச்சுப் போட்டிக்கு 'வாய்மை' என்னும் பொருளைக் கொடுத்திருக்கிறார்களாம். ஆமென்றோ இல்லையென்றோ கூற எனக்கு நா எழவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கிராமத்தின் கதையைச் சொன்னேன்.

பிரான்சின் தென்பகுதி மலைநிலத்தில் லெ சம்போன் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரவரிற் பெரும்பாலோர் புரட்டஸ்தாந்துக் கிறிஸ்தவர். 1685 ஆம் ஆண்டில் மன்னன் பதினான்காம் லூயி அவர்களுடைய முன்னோரின் வழிபாட்டைத் தடைசெய்தான். ஒளித்து வாழ்வதன் துன்பம் அந்தக் குடியானவர்களுக்குப் பாட்டன் பாட்டி வாய்மொழியாக வந்த செய்தி.

1940 ஆம் ஆண்டு ஆனி மாதம் பிரான்சு ஜேர்மனியிடம் பணிந்தது. உடன்படிக்கை கைச்சாத்தான மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவ்வூர்ப் போதகர் அந்திரே திரொக்மேயும் அவருக்குத் துணையாயிருந்த எதுவார் தெய்சும், மனச்சாட்சிக்கு மாறான கட்டளைகளை ஆன்ம வலிமையினால் எதிர்த்து நிற்க வேண்டுமெனச் சபையோருக்கு எடுத்துரைத்தனர். ஆயுதம் எடுப்பதில்லை என்பது இருவருடைய விரதம்.

அவ்வாண்டுப் பனிக்காலத்தில் ஒருநாள் போதகரின் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. ஜேர்மனியிலிருந்து தப்பி வந்த யூதப் பெண்ணொருத்தி பனியில் நடுங்கியபடி நின்றாள். போதகரின் மனைவி மக்டா தயங்காமல் அவளை உள்ளே அழைத்தார். அதன்பின் அவ்வூரிற் கதவு தட்டும் ஓசை ஓயவில்லை. பண்ணை வீடுகளிலும், விடுதிகளிலும், போதகர்கள் 1938 இல் தொடங்கிய பாடசாலையிலும் அகதிகள் தங்கினர்; அவர்களுட் பலர் சிறு பிள்ளைகள். அவர்களுக்காகப் பொய்ப் பெயரில் அடையாள அட்டைகள் எழுதப்பட்டன. சிலர் இரகசியமாகச் சுவிற்சலாந்து எல்லைக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அடுத்த வீட்டில் இருப்பவர் யாரென்று எவரும் கேட்பதில்லை. அறிந்தவரும் வாய் திறப்பதில்லை.

1942 ஆவணியிற் பொலிசார் வந்து யூதர்களின் பெயர்ப் பட்டியலைக் கேட்டனர். "இங்கே யூதர் எவருமில்லை" என்று சொல்லிவிட்டால் தொல்லை தீர்ந்துவிடும். போதகர் அப்படிச் சொல்லவில்லை. அகதிகளின் உண்மைப் பெயர்களைத் தாம் அறியார் என்றும், அறிந்தாலும் கொடார் என்றும், அடைக்கலம் புகுந்தோரைக் காட்டிக்கொடுப்பது மேய்ப்பனுக்கு அடாதென்றும் முகத்துக்கு நேரே கூறினார். ஊரைச் சல்லடையிட்டுத் தேடியவர்கள் ஏறக்குறைய வெறுங்கையோடே திரும்பினர்.

1943 மாசியில் அவரைக் கைதுசெய்ய வந்தவர்களுக்கும் மக்டா இராவுணவு கொடுத்தாராம். முகாமில் வாரக்கணக்காக வைத்திருந்து, அரசுக்குக் கீழ்ப்படிவதாகக் கையொப்பமிட்டால் விடுதலை என்றனர். போதகர் மறுத்துவிட்டார். அப்படியிருந்தும் பின்னர் விடுவிக்கப்பட்டார். ஆனால், மாணவர் விடுதியொன்றைக் கவனித்துவந்த அவருடைய உறவினரான தானியேல் திரொக்மே, அவ்வாண்டு ஆனியில் மாணவரோடு பிடிபட்டு, 1944 இற் போலந்திலுள்ள மைதானெக் முகாமில் உயிர் துறந்தார்.

அம்மலைநிலத்திற் காப்பாற்றப்பட்டோர் சில ஆயிரம் பேர். 1990 இல் இஸ்ரேலின் யாத் வசேம் நிறுவனம் அவ்வூரவர் அனைவரையும் கௌரவித்தது.

"அப்படியென்றால், பொய் சொல்லாத போதகர் செய்தது சரியா? பொய் அட்டை எழுதியவர் செய்தது சரியா?" என்றான் பேரன்.

"இருவரும் ஒரே கதவைத்தான் காத்தார்கள், தம்பி. குற்றமற்ற நன்மை தருமாயின் பொய்யையும் வாய்மையின் வரிசையில் வைத்தவரல்லவா நம் வள்ளுவர்" என்றேன்.

பின்பு, அவனுக்கு இதுவரை சொல்லாத ஒன்றையும் சொன்னேன். 1983 ஆடியிற் கொழும்பில் எங்கள் சிங்கள அயலவர் ஒருவர் எங்களைத் தம் வீட்டுப் பின்னறையில் இருத்திவிட்டு, வாசலிற் கூடிநின்ற கூட்டத்தைப் பார்த்து, "இங்கே தமிழர் எவருமில்லை" என்றார். அவருடைய குரல் சிறிதும் நடுங்கவில்லை. அன்று உன் அம்மாவுக்கு நான்கு வயது. அழாமலிருக்க அவள் வாயை உன் அம்மம்மா பொத்திக்கொண்டிருந்தாள் என்றேன்.

பையன் நெடுநேரம் பேசாதிருந்தான். பின்பு, "பேச்சை மாற்றி எழுத வேண்டும், அம்மப்பா" என்று மாத்திரம் சொன்னான்.