வெள்ளைத் தொப்பி எப்போ கறுப்பாச்சு?

ஒரு கம்பெனி தன் லோகோவை மாத்தினா நீங்க கவனிப்பீங்களா? நான் கவனிக்க மாட்டேன். எங்க ஊர்ல பாதிக் கடைக்கு போர்டே கிடையாது! ஆனா, 2016 அக்டோபரில் அமெரிக்காவில் சில பேர் டி.வி-யை அப்படியே நிறுத்தி வெச்சுக்கிட்டு, ஒரு 'டபிள்யூ' எழுத்தை உத்து உத்துப் பார்த்துட்டு இருந்தாங்க. எச்.பி.ஓ-வில் அப்போதான் ஆரம்பிச்சிருந்த 'வெஸ்ட்வேர்ல்டு' தொடரின் லோகோ அது. ஒரு காட்சியில் பட்டையா, பழைய ஸ்டைலில் இருக்கு. இன்னொரு காட்சியில் ஒல்லியா, நவீனமா இருக்கு. ஆர்ட் டைரக்டர் சொதப்பிட்டாரா? இல்லை, ரெண்டு காட்சியும் வேற வேற காலமா?

தொடரே தெரியாதவங்களுக்காக ஒரு குட்டி ட்ரெய்லர். கௌபாய் காலத்து ஊரை அப்படியே கட்டிவெச்ச ஒரு தீம் பார்க். அங்கே குடியிருக்கிறவங்க மனுஷங்க இல்லை, மனுஷங்க மாதிரியே இருக்கிற 'ஹோஸ்ட்'கள். பணக்காரங்க வந்து அவங்களைச் சுடலாம், சித்ரவதை செய்யலாம், காதலிக்கலாம். அப்புறம் காயத்தை சரிபண்ணி, நினைவை அழிச்சு, மறுபடி அதே இடத்தில் நிறுத்திடுவாங்க. மைக்கேல் கிரைட்டன் எழுதி இயக்கிய 1973-ம் வருஷத்துப் படத்தை, ஜொனாதன் நோலன் - லிசா ஜாய் தம்பதி தொடரா மாத்தினாங்க. ஜொனாதன் யாருன்னா, கிறிஸ்டோபர் நோலனின் தம்பி. 'மெமன்ட்டோ' படத்தின் மூலக்கதை அவருடையது. அதாவது, நம்ம சஞ்சய் ராமசாமி உடம்பெல்லாம் பச்சை குத்திக்கிட்டதுக்கு ஆதி காரணம் இவர்தான்!

இனிமே வர்றதெல்லாம் ஸ்பாய்லர். இன்னும் பார்க்காதவங்க தாராளமா பக்கத்தைத் திருப்பிக்கலாம். ஆனா, நானே எல்லாம் தெரிஞ்ச பிறகுதான் பார்த்தேன்.

போன வருஷம், சீனியர் அண்ணன் ஒருத்தரோட ஹார்ட் டிஸ்க் ஹாஸ்டலில் ரூம் ரூமா சுத்திட்டு இருந்தப்போ எங்க ரூமுக்கும் வந்தது. ரெண்டாவது எபிசோடில் இருக்கேன். பல்லு விளக்கிக்கிட்டே எட்டிப் பார்த்த ரூம்மேட், "இந்த வில்லியம்தான் மாப்ள, அந்தக் கறுப்பு டிரஸ் கிழவன். முப்பது வருஷம் கழிச்சு" என்று சொல்லிட்டு வாய் கொப்பளிக்கப் போயிட்டான். நொந்து நூடுல்ஸ் ஆகிட்டேன். அன்னிக்கு ராத்திரி மெஸ்ஸில் அவன் பக்கம் சால்னா வாளியை நான் தள்ளவே இல்லை.

விஷயம் இதுதான். வில்லியம் முதல் தடவை பார்க்குக்கு வர்ற கூச்ச சுபாவி. வாசலில் தொப்பி எடுக்கச் சொன்னா, வெள்ளைத் தொப்பியை எடுக்கிற நல்லவன். டொலோரஸ் என்கிற பண்ணைவீட்டுப் பொண்ணு மேல காதலாகிறான். இன்னொரு பக்கம், கறுப்பு உடை, கறுப்புத் தொப்பியில் ஒரு கிழவர். முப்பது வருஷமா இங்கே வந்துட்டிருக்கிறவர். முதல் எபிசோடிலேயே அதே டொலோரஸைக் கதறக் கதற இழுத்துட்டுப் போறார். ரெண்டு பேரும் ஒரே ஆள்தான் என்பது தியரி. ரெண்டாவது எபிசோட் முடிஞ்ச சில நாளிலேயே ரசிகர்கள் இதைச் சொல்லிட்டாங்க. தொடர் அதை ஒப்புக்கிட்டது பத்தாவது எபிசோடில்.

நடுவில் நடந்ததுதான் செம சுவாரஸ்யம். தியரின்னா வாய்க்கு வந்ததை அடிச்சுவிடுறதுன்னு நினைச்சுட்டு இருந்தேன். இவங்க லேப் எக்ஸ்பெரிமென்ட் மாதிரி செஞ்சிருக்காங்க. அஞ்சாவது எபிசோடில் கிழவர் லாரன்ஸ் என்பவனின் ரத்தத்தை மொத்தமா வடிச்சுக் கொன்னுடுறார். கொஞ்ச நேரத்தில் அதே லாரன்ஸ், வேற பேரோட, வில்லியம் முன்னாடி ஜம்முனு நிக்கிறான். ஒருவேளை சரிபண்ணி அனுப்பிட்டாங்களோ? இவ்வளவு சீக்கிரமாவா? இதுக்கு பதில் சொல்ல ஒரே வழி, ரெண்டும் வேற காலம்.

எதிர்க்கட்சிக்கும் வலுவான பாயின்ட் இருந்தது. நாலாவது எபிசோடில், டொலோரஸ் வழக்கமான பாதையை விட்டு விலகிட்டான்னு கன்ட்ரோல் ரூமில் பேசுறாங்க. கன்ட்ரோல் ரூம் நிகழ்காலம். அடுத்து, அவளைத் திருப்பிக் கூட்டிட்டுப் போக ஒரு ஆள் வர்றான். "இவ என்கூட வந்திருக்கா" என்று தடுக்கிறது வில்லியம். அப்போ வில்லியமும் நிகழ்காலம்தானே? தியரி காலி! அப்படித்தான் தோணும். உண்மை என்னன்னா, டொலோரஸ் அதே வழியில் ரெண்டு தடவை போயிருக்கா. முப்பது வருஷம் முன்னாடி வில்லியமோட. இப்போ தனியா. எடிட்டிங்கில் ரெண்டையும் தையல் தெரியாம ஒட்டிட்டாங்க.

நான் ஈ.சி.ஈ. சி.ஆர்.ஓ-வில் ட்ரிகரை சரியா செட் பண்ணலைன்னா வேவ்ஃபார்ம் ஒண்ணு மேல ஒண்ணா ஓடி ஸ்கிரீனே பச்சைக் குழப்பமா இருக்கும். குமிழைத் திருப்பினதும் டக்குனு நிக்கும். ரசிகர்களுக்கு அந்தக் குமிழ்தான் லோகோ. அதைப் பிடிச்சதும் மத்ததெல்லாம் நின்னுடுச்சு.

ஆனா, எந்த தியரியும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாத ஒண்ணு இருந்தது. கடைசி எபிசோட். தேவாலயத்துக்கிட்ட கிழவர் டொலோரஸை அடிச்சுப் போட்டிருக்கார். அவ அழுதுட்டே சொல்றா, வில்லியம் என்னைத் தேடி வருவான், உன்னைக் கொல்லுவான்னு. வந்து நிக்கிறவனே அவன்தான்! அவளுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். ட்விஸ்ட் தெரியாம பார்த்திருந்தா, "அட, இவன்தானா!" என்று வாயைப் பிளந்திருப்பேன். தெரிஞ்சதால, அவ 'வருவான்'னு சொல்ற ஒவ்வொரு தடவையும் எனக்கு வயித்தைப் பிசைஞ்சது. அந்தக் காட்சியை நிறுத்திட்டு வெளியே வராண்டாவில் போய் நின்னேன்.

அவளுக்கு ஏன் காலம் குழம்புதுன்னு தொடரிலேயே விளக்கம் இருக்கு. மேவ் என்கிற இன்னொரு ஹோஸ்ட்கிட்ட ஒரு டெக்னீஷியன் சொல்வார். மனுஷங்களுக்குப் பழைய நினைவு மங்கலாத்தான் வரும், ஹோஸ்ட்டுக்கு அது அச்சு அசலா, இப்போ நடக்கிற மாதிரியே வரும். அதனால முப்பது வருஷம் முன்னாடி கையைப் பிடிச்சவன் டொலோரஸுக்கு இப்பவும் பக்கத்தில்தான் இருக்கான்.

எங்க அம்மாச்சிக்கு எண்பது தாண்டிடுச்சு. காலையில் சாப்பிட்டது மதியம் ஞாபகம் இருக்காது. என்னைப் பார்த்து மாமா பேரைச் சொல்லி, "பள்ளிக்கூடத்துல பீஸ் கட்டிட்டியாப்பா?" என்பாங்க. சாயங்காலம் ஆறு மணி பஸ் ஹாரன் கேட்டா, "தாத்தா வந்தாச்சு, காபிக்குத் தண்ணி வை". தாத்தா இறந்து பதினோரு வருஷம் ஆச்சு. ஒருநாள் மாமா பக்கத்தில் உட்கார்ந்து, இது எந்த வருஷம், தாத்தா எப்போ போனார்னு பொறுமையா எடுத்துச் சொன்னார். அம்மாச்சி எல்லாத்தையும் கேட்டாங்க. அப்புறம் துக்கவீட்டில் அழுவாங்களே, அப்படி அழுதாங்க. அவங்களைப் பொறுத்தவரை தாத்தா செத்தது அன்னிக்குத்தான். இப்போ வீட்டில் யாரும் வருஷம் சொல்றதில்லை. காபிக்குத் தண்ணி வெச்சுடறோம்.

'எந்த டைம்லைன்?' என்கிற கேள்விக்கு பதில் கிடைச்சா புதிர் தீர்ந்ததுன்னு நமக்குத் தோணுது. டொலோரஸுக்கு அந்த பதில் கிடைக்கிற நிமிஷம்தான் அவ வில்லியமை இழக்கிற நிமிஷம். வெள்ளைத் தொப்பிக்காரன் எப்படிக் கறுப்புத் தொப்பிக்காரன் ஆனான்? காணாமப்போன அவளைத் தேடித் தேடி, வழியெல்லாம் கொன்னு குவிச்சு, கடைசியில் பார்த்தா அவ அதே ஊர்த் தெருவில், யாரோ ஒருத்தனைப் பார்த்து அதே சிரிப்பு சிரிச்சுட்டு நிக்கிறா. இவனைச் சுத்தமா ஞாபகமில்லை. லோகோவை எவ்வளவு உத்துப் பார்த்தாலும் இது கிடைக்காது பாஸ்.

இந்த இடத்தில்தான் எனக்குத் தொடர் மேல ஒரு கோபம். 2018-ல் ரெண்டாவது சீசனுக்குப் போனவங்க, ரசிகன் கண்டுபிடிச்சுடக் கூடாதுன்னு இறங்கிட்ட மாதிரி இருக்கு. முதல்ல விளையாட்டாத்தான் ஆரம்பிச்சாங்க. அந்த ஏப்ரலில், மொத்த சீசன் கதையையும் முன்கூட்டியே சொல்றோம்னு அறிவிச்சு, வீடியோ போட்டாங்க. கொஞ்ச நேரம் சீரியஸா போகும், அப்புறம் டொலோரஸா நடிச்ச இவான் ரேச்சல் வுட் பாட்டுப் பாடுவார், கடைசியில் பியானோ பக்கத்தில் ஒரு நாய் இருபது நிமிஷம் உட்கார்ந்திருக்கும். சூப்பர் கலாய்! ஆனா சீசனைப் பார்த்தா, பெர்னார்டு தன் நினைவுகளைத் தானே கலைச்சுப் போட்டுக்கிறார், நாம அதை அடுக்கிட்டே இருக்கோம். முதல் சீசனில் காலக்குழப்பம் டொலோரஸோட வலி. இங்கே அது பெரும்பாலும் நமக்கு வெச்ச பரீட்சை. அரியர் வைக்காம பாஸ் பண்ணினேன், ஆனா எந்த இடத்திலும் வராண்டாவுக்குப் போய் நிக்கலை.

2020, 2022-ன்னு இன்னும் ரெண்டு சீசன் வந்து, மொத்தம் 36 எபிசோடோட 2022 நவம்பரில் தொடரை நிறுத்திட்டாங்க. நாலாவது சீசனோட கடைசிக் காட்சியில் டொலோரஸ், கதை ஆரம்பிச்ச அதே ஸ்வீட்வாட்டர் ஊரில் நிக்கிறா. கடைசியா ஒரே ஒரு விளையாட்டு ஆடிப் பார்க்கலாம்னு முடிவு பண்றா. அது என்ன விளையாட்டுன்னு இதுவரைக்கும் யாரும் எடுத்துக் காட்டலை. ரூம்மேட்கிட்ட இதுக்கு மூணு தியரி இருக்கு. மூணையும் தப்புன்னு நிரூபிக்க ஒரு எபிசோடும் இல்லைங்கிற தைரியத்தில், வாரம் ஒண்ணா மாத்தி மாத்திச் சொல்லிட்டிருக்கான்.